கழிவறைக்குப் பின்னால் உதித்த சூரியன்

எழுத்தில் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் பத்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரப்படும். சிட்னிக்கு மேற்கே உள்ள ஒரு சின்ன ஊரின் நகரசபை தன்னுடைய சேவைச் சாசனத்தில் இப்படித்தான் சொல்கிறது. 'தரப்படும்' என்று சொல்கிறது, 'தர முயற்சி செய்யப்படும்' என்று சொல்லவில்லை. வேலையில் இருந்த காலத்தில் சிட்னியில் ஓர் அரசு அலுவலகத்தில் இதுபோன்ற சாசனங்களை எழுதிக் கொடுத்தவன் நான். 'தரப்படும்' என்று துணிந்து எழுதுகிறவர் வேலைக்குப் புதியவராக இருப்பார், அல்லது அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறவராக இருப்பார்.

ஜனவரியில் ஒரு நாளையும் ஒரு தள இலக்கத்தையும் குறிப்பிட்டு, செப்டம்பர் மாதத்தில் நான் அனுப்பிய கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. உங்கள் ஆற்றங்கரைக் கூடாரத் தளத்தில் உள்ள இரும்பு வளையத்துக்குள் மூன்று செங்கற்களை வைத்து அடுப்பு மூட்டினால் அது உங்கள் விதிப்படி 'முகாம் தீ' ஆகுமா, 'சமையல் கருவி' ஆகுமா? காலை ஏழு மணி வரை அமைதி நேரம் என்று அறிவித்திருக்கிறீர்கள், அதற்கு முன்பு, சூரிய உதயத்தின்போது, சத்தமில்லாமல் அடுப்பு மூட்டலாமா? மூன்றாவது: பானையிலிருந்து பால் வேண்டுமென்றே பொங்கி நிலத்தில் வழியுமானால் அது கழிவு நீர் வெளியேற்றம் என்று கருதப்படுமா?

கடிதம் கிடைத்தது என்ற தானியங்கிப் பதில் அதே நிமிடத்தில் வந்தது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

இந்தக் கேள்விகள் எனக்காக அல்ல, என் மனைவிக்காக. நாங்கள் சிட்னியின் வெஸ்ட்மீட்டில் ஒரு அடுக்குமாடியின் ஐந்தாவது தளத்தில் இருக்கிறோம். பால்கனியில் எந்த வகையான தீயும் கூடாது என்பது கட்டட நிர்வாகக் குழுவின் விதி. அதை மீறச் சொல்லி மனைவி பல தடவை கேட்டிருக்கிறாள். அந்தக் குழுவின் செயலாளர் நானே என்பதால் முடியாமற்போய்விட்டது. குசினியில் இருப்பது மின்காந்த அடுப்பு. அது மிகவும் புத்திசாலியான அடுப்பு. பால் பொங்கி விளிம்பைத் தொட்டதும் மூன்று தடவை கூவிவிட்டுத் தானாகவே அணைந்துவிடும். வருடத்தில் மற்ற எல்லா நாட்களிலும் அதை நாங்கள் பாராட்டுவோம். தைப்பொங்கல் அன்று மட்டும் அது எங்கள் வீட்டுக்கு வந்த சாபம். நாங்கள் இங்கே குடிவந்த நாளிலிருந்து எங்கள் பானையில் பால் ஒரு தடவைகூடப் பொங்கி வழிந்ததில்லை. எழும்பும், எட்டிப் பார்க்கும், அடுப்பு கூவும், பால் இறங்கிவிடும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மெல்பேர்னில் என் மனைவியின் அக்கா இருக்கிறார். அவருக்குப் பின்வளவு இருக்கிறது, செங்கல் அடுப்பு இருக்கிறது, ஸ்பிரிங்வேல் சந்தையில் வாங்கிய வாழைக்குலையைக் கட்டித் தொங்கவிடக் கொடிக்கம்பி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் விறகு அடுப்பில் பால் நுரை தள்ளிக் கிழக்குப் பக்கமாக வழிவதை வீடியோ எடுத்து அனுப்புவார். கீழே ஒரு வரியும் இருக்கும்: "உங்கட அடுப்பு என்ன சொல்லுது?"

ஒரு தடவையாவது விறகில், சூரியனைப் பார்த்து, பால் வழியப் பொங்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் என் மனைவிக்கு இருந்த ஒரே பேராசை இதுதான்.

இதற்குக் கூடாரத் தளம்தான் வழி என்று கண்டுபிடித்தவன் நான். 'முகாம்' என்று சொல்வதை நான் தவிர்க்கிறேன். எங்கள் ஆட்களின் காதில் அந்தச் சொல் நல்லவிதமாக விழாது. போர்க் காலத்தில் ஊரில் இராணுவ முகாம்களைக் கண்டு விலகி ஓடிய ஒருவன், இங்கே இணையத்தில் பதிவு செய்து, விருப்பத்தோடு போய்த் துணிக்குள் படுப்பதை என் அம்மாவிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

ஜூலை மாதத்தில் இடம் பார்க்கப் புறப்பட்டோம். மலைத்தொடரைத் தாண்டி நான்கு மணி நேரம் மேற்கே ஓடினால் அந்த ஊர் வரும். அகலமான ஒரே தெரு. இரண்டு தானியக் கோபுரங்கள், ஒரு மதுக்கடை, 'மீட் பை' என்ற இறைச்சி அப்பத்துக்குப் பரிசு வாங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பேக்கரி. போரில் இறந்தவர்களின் நினைவாக, துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி நிற்கும் ஒரு கற்சிப்பாய். ஊரைச் சுற்றி நான்கு கூடாரத் தளங்கள்.

முதலாவது தேசியப் பூங்காவுக்குள் இருந்தது. அழகென்றால் அப்படியொரு அழகு. வாசலிலேயே வலபி என்ற சிறு கங்காரு ஒன்று குட்டியைப் பையில் வைத்துக்கொண்டு நின்று எங்களை விசாரித்தது. ஆனால் கோடைக் காலம் முழுவதும் விறகுத் தீ தடை. அறிவிப்புப் பலகையை நான் இரண்டு தடவை வாசித்தேன். ஓட்டையே இல்லாத விதி. எழுதியவரை மனதுக்குள் பாராட்டிவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது, குதிரைக் கண்காட்சி நடக்கும் மைதானம். சுடுநீர்க் குளியலறை, மின்சாரம் எல்லாம் இருந்தன. கிழக்குப் பக்கத்தில் பார்வையாளர் அரங்கு மலைபோல நின்றது. "சூரியன் டிக்கெட் எடுத்துக்கொண்டு மேல ஏறி வந்து இருந்தாத்தான் தெரியும்," என்றாள் மனைவி.

மூன்றாவது, நெடுஞ்சாலை ஓரத் தனியார் பூங்கா. எனக்கு அது நன்றாகவே பிடித்தது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு விதிப்பலகை, ஒவ்வொன்றிலும் திருத்தமான மொழி. பிள்ளைகள் துள்ளுவதற்கு ராட்சதத் தலையணை ஒன்றைக் காற்றடித்து வைத்திருந்தார்கள். பொதுத் தீக்குழியும் இருந்தது. ஆசையோடு போய்ப் பார்த்தோம். நீலக் கண்ணாடிக் கற்களுக்கு நடுவில் வாயுச் சுடர். பித்தானை அழுத்தினால் எரியும், பத்து நிமிடத்தில் தானாக அணையும்.

மனைவி என்னைப் பார்த்தாள். "எங்கட அடுப்பின்ர சொந்தக்காரர்," என்றாள்.

நான்காவதுதான் நகரசபையின் ஆற்றங்கரைத் தளம். மின்சாரம் இல்லை, சுடுநீர் இல்லை. ஆறு ஒரு வளைவு எடுக்கும் இடத்தில் முதிய சிவப்பு யூகலிப்டஸ் மரங்கள், அவற்றின் கீழே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இரும்பு வளையம். வாசலில் ஒரு பழைய கேரவன். அதில் வருடம் முழுவதும் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி குடியிருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். ஆண்களின் சட்டை, ரப்பர்ச் சப்பாத்து, கையில் எந்நேரமும் ஒரு தேநீர்க் கோப்பை. முழுத் தீத்தடை அறிவிக்கப்படாத எந்த நாளிலும் வளையத்துக்குள் விறகு எரிக்கலாம் என்றார். விழுந்த கிளைகளைப் பொறுக்கக் கூடாது, பாம்புகள் அவற்றில் குடியிருக்கின்றன, விறகை ஊரில் வாங்கி வர வேண்டும்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். உறைபனி கொட்டியது. இரண்டு பேரும் வைத்திருந்த எல்லா உடுப்பையும் போட்டுக்கொண்டு படுத்தோம். நான் வேட்டியைக் கழுத்தில் சுற்றியிருந்தேன். விடிய எழும்பிப் பார்த்தால், எங்கள் கூடாரத்துக்கு நேர் எதிரே, ஆற்றின் மீது, இரண்டு மரங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் சூரியன் யாரோ அளந்து வைத்ததுபோல வந்து நின்றது. வெளிச்சம் தண்ணீரில் வழுக்கி வந்து எங்கள் இரும்பு வளையத்தில் விழுந்தது. மனைவி பல்லுக் கிடுகிடுக்கக் கைகூப்பினாள்.

"இதுதான் இடம். இதை விட்டா வேற இடமில்லை."

நான்காம் இலக்கத் தளம். அந்த இடத்திலேயே, ஜனவரிக்கு, கைப்பேசியில் பதிவு செய்தேன்.

இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும். என் மனைவி புவியியல் ஆசிரியை. ஊரிலும் இங்கேயும் முப்பது வருடங்களுக்கு மேல் படிப்பித்தவள். தோடம்பழத்தில் பென்சிலைக் குத்திச் சாய்த்துப் பிடித்து, பூமி சூரியனைச் சுற்றுவதையும் பருவங்கள் மாறுவதையும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் காட்டியவள். நான் விதிகளைப் படித்தவன், அவள் பூமியைப் படித்தவள். இருவரும் சேர்ந்து ஜூலை மாதத்துச் சூரியனை நம்பி ஜனவரி மாதத்துக்கு இடம் பிடித்தோம்.

ஜனவரி வந்தது. எங்கள் பஞ்சாங்கப்படி தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். காரில் கூடாரத்துக்கு இடம் கிடைத்ததே பெரிய காரியம். புதுப்பானை, மூன்று செங்கல், பச்சையரிசி, பயறு, சர்க்கரை, கஜு, குத்துவிளக்கு, கோலமா, கரும்பு, இரண்டு கதிரை. கரும்பு முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரை நீண்டு எனக்கும் மனைவிக்கும் நடுவில் வேலிபோலக் கிடந்தது. நான்கு மணி நேரமும் நாங்கள் அதற்கு மேலாகத்தான் கதைத்தோம்.

மாலையில் ஆற்றில் கால் வைத்துக்கொண்டு இருந்தோம். இளஞ்சிவப்பு நெஞ்சுக் கலாக் கிளிகள் கூட்டமாக வந்து மரத்தை நிரப்பிச் சண்டை பிடித்தன. தளத்தில் எங்களைத் தவிர ஒரே ஒரு கூடாரம், அதுவும் தூரத்தில். கைப்பேசியில் ஒரு கோடுதான் சிக்னல், அதுவும் ஒற்றைக் காலில் நின்றால். எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று. இங்கே யாரும் என்னிடம் எந்த விதியையும் கேட்கவில்லை என்பது மட்டும் கொஞ்சம் குறையாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை ஒத்திகை பார்ப்போம் என்று எழும்பினோம். ஆற்றின் மேலே, இரண்டு மரங்களுக்கு நடுவில் வானம் வெளுத்தது. காத்திருந்தோம். வெளுத்துக்கொண்டே இருந்தது. சூரியன் மட்டும் வரவில்லை. முதுகில் இல்லை, முன்னால் இல்லை. வலப்பக்கம் திரும்பினேன்.

தளத்தின் வலப்பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று உண்டு. குழிக் கழிவறை. அதன் கூரையில் காற்றுப்போக்கிக் குழாய் ஒன்று நீண்டிருக்கும். அந்தக் குழாய்க்குச் சரி பின்னால், பொன்னிற விளிம்பு கட்டி, சூரிய பகவான் எழுந்தருளிக்கொண்டிருந்தார்.

மனைவி குழாயையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "கோடையில தெற்குப் பக்கமாய்த்தானே வரும்," என்றாள், வகுப்பில் கடைசி வரிசை மாணவனுக்குச் சொல்லும் குரலில்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் கேக்கேல்லை? பதிவு செய்தது ஆர்?"

"இதுதான் இடம் எண்டு சொன்னது ஆர்?"

"இப்ப என்ன, கக்கூசுக்கு முன்னால நிண்டு சூரியனைக் கும்பிடச் சொல்லுறியளோ? அக்கா வீடியோவில பாத்தா என்ன சொல்லுவா தெரியுமே?"

அக்கா என்ன சொல்வார் என்பதை நானும் ஊகித்தேன். ஊகித்ததில் சிரிப்பு வந்துவிட்டது. அது பெரிய பிழை. காலைத் தேநீர் அன்று எனக்குக் கிடைக்கவில்லை.

தேநீர் கிடைக்காததால் கேரவன் பெண்மணியிடம் போனேன். ஒருவர் கேட்காமலே தேநீர் ஊற்றுகிற மனிதர் அவர். நடந்ததைச் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். பிறகு கேரவனுக்கு முன்னால் இருந்த தன் சொந்தத் தீவளையத்தைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் கிழக்கும் தென்கிழக்கும் வெறும் புல்வெளி. மறைக்க ஒரு மரம்கூட இல்லை.

"என்னுடையதைப் பாவியுங்கள், லவ்," என்றார். யாரையும் அவர் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்.

நான் நகரசபைக்கு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பதில் இன்னும் வரவில்லை என்றேன். பதிவு செய்த தளத்தை விட்டு வேறு தளத்தில் தீ மூட்ட எழுத்து மூல அனுமதி வேண்டும் என்ற பிரிவையும் இலக்கத்தோடு சொன்னேன்.

"நான்தானே இங்கே பொறுப்பு. சொல்லிவிட்டேனே."

"அமைதி நேரம் ஏழு மணி வரை..."

"பால் கொதிக்கிற சத்தத்துக்கு எழும்புகிறவன் வீட்டிலேயே படுத்திருக்கலாம்."

"இதை எழுத்தில்..."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். போய் மனைவியிடம் சொன்னேன். அவள் செங்கல் மூன்றையும் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். முழங்கால் வருத்தம் என்று மாடிப்படி ஏறாதவள்.

அதே நாள் பிற்பகலில் வெப்பக் காற்று தொடங்கியது. மேற்கிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கூடாரத்தைப் படபடவென்று அடித்தது. நாலு மணிபோல அந்தப் பெண்மணி கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. முழுத் தீத்தடை அறிவித்துவிட்டார்கள். நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை. அதாவது நாளை முழுவதும். அதாவது தைப்பொங்கல்.

விதியின்படி சில இடங்களில் மின் அடுப்பைப் பாவிக்கலாம், நிபந்தனைகளோடு வாயு அடுப்பும் பாவிக்கலாம் என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"மின் அடுப்புக்கு முன்னால நிண்டு பொங்க நாலு மணித்தியாலம் ஓடி வரவேணுமே?" என்றாள் மனைவி. கதிரையில் போய் இருந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். புழுதிக்காக என்று சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

இந்த வாழ்க்கையில் என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒரு விதி வாசலை அடைத்தால், இன்னொரு விதியை எடுத்து ஜன்னலைத் திறப்பது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அபாயம் என்று தெரிந்துகொண்டே வாய் திறந்தேன்.

"இஞ்ச பாரும். தடை நாளைக்கு மட்டும்தான். நாளைக்கு இரவு தெற்குக் காற்று வருமாம், அதுக்குப் பிறகு குளிர்ந்திடும்."

"அதுக்கு?"

"அக்கான்ர பஞ்சாங்கத்தில நாளையண்டைக்குத்தான் பொங்கல்."

தலைப்பு முகத்திலிருந்து இறங்கியது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பஞ்சாங்கம் இரண்டு உண்டு, வாக்கியம், திருக்கணிதம் என்று. பெரும்பாலான வருடங்களில் இரண்டும் ஒத்துப்போகும். சில வருடங்களில் தை பிறக்கும் நேரத்தில் விலகி, பொங்கலை ஆளுக்கொரு நாளாக்கிவிடும். என் மனைவியின் பிறந்த வீடு வாக்கியம். அக்கா கல்யாணம் முடித்த வீட்டில் திருக்கணிதம். கல்யாணம் முடித்த அடுத்த நாளே அக்கா அந்தப் பக்கம் தாவிவிட்டார் என்று என் மனைவி சொல்வாள். இந்த விஷயத்தில் சகோதரிகள் இருவரும் ஒரு தடவை ஏழு மாதங்கள் கதைக்காமல் இருந்திருக்கிறார்கள்.

"அதை விட நான் பட்டினி கிடப்பன்," என்றாள்.

"பட்டினி கிடக்கிறதுக்குத் தடை இல்லை," என்றேன்.

அவள் பானையைத் துணியில் சுற்றிக் காருக்குள் திருப்பி வைத்தாள்.

பொங்கல் நாள், அதாவது எங்கள் பொங்கல் நாள், நெருப்பில்லாமல் விடிந்தது. மனைவி குளித்து, புதுச்சேலை கட்டி, புல்வெளியில் நின்று வெறுங்கையோடு சூரியனைக் கும்பிட்டாள். காலைச் சாப்பாடு ஊரின் பேக்கரியில். தைப்பொங்கலன்று நாங்கள் சாப்பிட்டது கீரையும் சீஸும் வைத்த ஒரு சுருள் ரொட்டி. அது நன்றாகவே இருந்தது என்று சொன்னதற்கும் ஒரு முறைப்பு வாங்கினேன். பிறகு வெயில் தாங்காமல் ஆற்றில் இறங்கினோம். மனைவியும்தான். புதுச்சேலையை மாற்றிவிட்டு, ஒரு பழைய சட்டையோடு, கழுத்தளவு தண்ணீரில் யூகலிப்டஸ் வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக இருந்தாள். கோபம் தண்ணீரில் கொஞ்சம் கரைந்திருக்க வேண்டும். எங்கோ ஏதோ முங்கும் சத்தம் கேட்டு, "பிளாட்டிபஸ்," என்று அந்த வாத்தலகு விலங்கின் பெயரைக் கிசுகிசுத்தாள். அது ஒரு பியர் தகரம் என்று நான் சொல்லவில்லை. கல்யாணம் முடித்து இத்தனை வருடங்களில் இதையாவது கற்றிருக்கிறேன்.

கரையேறியபோது கைப்பேசி அடித்தது. அக்கா. மனைவி ஒற்றைக் கோட்டுச் சிக்னலுக்காகக் கற்பாறை ஒன்றில் ஏறி நின்றாள். ஸ்பீக்கரில் போட்டாள், கை ஈரம்.

"என்னடி, பொங்கியாச்சே? வீடியோ ஒண்டையும் காணேல்லை."

"இல்லை அக்கா."

"ஏன்? விறகு நனைஞ்சு போச்சோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன். இந்தத் தீர்மானத்தில் என் கையொப்பம் இருக்கக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன்.

"நாங்கள்... நாளைக்குத்தான் பொங்குறம்."

அந்தப் பக்கம் கரண்டி ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது.

"நாளைக்கோ? உனக்கு இண்டைக்கல்லோ?"

"இஞ்ச எல்லாரும் நாளைக்குத்தான் அக்கா."

"எல்லாரும் எண்டா ஆர்? கங்காருவோ?"

"அக்கா, வெட்டிவெட்டிக் கேக்குது, பிறகு எடுக்கிறன்," என்று சொல்லிவிட்டு மனைவி பாறையிலிருந்து இறங்கினாள். என்னைக் கடந்து போகும்போது, "சிரிச்சியளோ, கொலை விழும்," என்றாள்.

சொன்னபடியே இரவில் தெற்குக் காற்று வந்தது. கூடாரத்தின் ஒரு பக்கம் சரிந்து என் மேல் விழுந்தது. குளிர்ந்த காற்றை முகர்ந்துகொண்டு அப்படியே படுத்திருந்தோம்.

விடிய முன்னமே கேரவனுக்கு முன்னால் கோலம் போட்டாயிற்று. செங்கல் மூன்று, புதுப்பானை, இஞ்சி, மஞ்சள், கரும்பு சாய்த்துக் கட்ட ஒரு மீன்பிடித் தூண்டில் கம்பு. அது அந்தப் பெண்மணி தந்தது. வாளியில் தண்ணீர், விதிப்படி, கைக்கு எட்டும் தூரத்தில். ஊரின் பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய விறகு, ஒரு காகிதத் துண்டுக்கே பற்றிக்கொண்டது. பெண்மணி குளியல் மேலங்கியோடு, கோப்பையும் கையுமாகப் படியில் வந்து இருந்தார். நான் வீடியோ எடுக்கும் பொறுப்பில் இருந்தேன்.

வானம் சிவந்தது. புல்வெளியின் ஓரத்தில், ஒரு தடையும் இல்லாமல், சூரியன் தலை காட்டியது. பானையில் பால் நடுங்கத் தொடங்கியது. பிறகு ஓரத்தில் வெள்ளை வளையம் கட்டியது. பிறகு நடு உயர்ந்தது. இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு கூவும். மனைவி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். கூவல் இல்லை. நுரை விளிம்புக்கு ஏறியது.

"ஓ, லவ், பால்! பால்!"

பெண்மணி படியிலிருந்து பாய்ந்து வந்தார். கையில் பாத்திரம் துடைக்கும் துவாலை. ஐம்பது வருடங்களாகக் குசினியில் பால் பொங்கும்போதெல்லாம் என்ன செய்தாரோ அதைச் செய்ய, பானையின் கழுத்தை நோக்கிக் குனிந்தார். வெள்ளைக்காரர் எவரிடமும் 'எக்ஸ்கியூஸ் மீ' இல்லாமல் ஒரு சொல் பேசியறியாத என் மனைவி, ஆற்றில் உறங்கிய வாத்துகள் எல்லாம் எழும்பும்படி கத்தினாள்.

"விடுங்கோ! தொடாதேங்கோ! பொங்கட்டும்! பொங்கட்டும் விடுங்கோ!"

ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் பெண்மணி துவாலையை அந்தரத்தில் பிடித்தபடி அப்படியே உறைந்தார். அந்த ஒரு கணத்தில் பால் விளிம்பைத் தாண்டியது. கிழக்குப் பக்கமாக, தடித்த வெள்ளை நாக்காக இறங்கி, பானைக் கழுத்தில் கட்டியிருந்த மஞ்சள் இலையை நனைத்து, தணலில் விழுந்து சீறியது. புகை எழும்பியது. பாதி நெருப்பு அணைந்தே போய்விட்டது. மனைவி இரண்டு கையாலும் பச்சையரிசியை அள்ளி, பானையை மூன்று தடவை சுற்றி, உள்ளே போட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு, கன்னம் முழுக்கக் கண்ணீர். புகைக்காக என்று சொல்லலாம். அன்று உண்மையிலேயே புகை இருந்தது.

பெண்மணிதான் பாவம். தான் ஒரு கணம் பிந்தியதால் நல்ல பால் வீணாகிவிட்டது என்று வருந்தினார். கேரவனுக்குள் போய்த் தன் குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு பால் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். நான் விளக்கினேன்: வழிய வேண்டும் என்பதற்காகத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம், வழிந்தால்தான் வருடம் நிறையும். அவர் அதை யோசித்தார். அணைந்த நெருப்பைப் பார்த்தார்.

"அப்படியானால் நான் ஒவ்வொரு கிழமையும் என் அடுப்பில் பண்டிகை கொண்டாடியிருக்கிறேன்," என்றார். "ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை."

பொங்கலை வாழையிலையில் வைத்துக் கொடுத்தோம். சூடான ரைஸ் புடிங் என்று தீர்ப்பளித்து, கரண்டி கொண்டுவந்து, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கஜுவைப் பொறுக்கி முதலில் சாப்பிட்டார். என் மனைவி அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்து, தோடம்பழமும் பென்சிலும் இல்லாமலே, கையால் காட்டி, சூரியன் ஏன் ஜூலையில் மரத்துக்கு நடுவிலும் ஜனவரியில் கழிவறைக்குப் பின்னாலும் வருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். கேட்டவர் அதைத் தனக்கு இருபது வருடமாகத் தெரியும் என்று சொல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வீடியோவை நான் கற்பாறையில் ஏறி நின்று மெல்பேர்னுக்கு அனுப்பினேன். சூரியன் தெரிந்தது, பானை தெரிந்தது, பால் கிழக்கே வழிவது தெரிந்தது. துவாலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பாய்வதும் தெரிந்தது. அக்கா உடனேயே எழுதினார்: "வடிவாப் பொங்கியிருக்கு. சரியான நாளில பொங்கினா அப்பிடித்தான்."

மனைவி அதைக் கண்ணாடி போட்டு வாசித்தாள். கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி வாசித்தாள். பானையைக் கழுவத் தொடங்கினாள்.

"வாற வருஷமும் இஞ்சதான்," என்றாள். "ஆனா எங்கட நாளில."

"அண்டைக்கும் தடை போட்டா?"

"இவ்வளவு காலம் உத்தியோகம் பாத்தனீங்கள்தானே? அதுக்கு இப்பவே எழுதிக் கேளுங்கோ."

முதல் கடிதத்துக்கே பதில் வரவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் பானையின் அடியில் பிடித்த பாலை நகத்தால் சுரண்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குழப்ப மனம் வரவில்லை. சரி, எழுதுகிறேன் என்றேன்.

செப்டம்பர் கடிதத்துக்கு நகரசபையின் பதில் தபாலில் வந்தது, மின்னஞ்சலில் அல்ல. முதலாம் கேள்விக்கு: மூன்று செங்கல் அடுப்பு முகாம் தீயாகவே கருதப்படும். இரண்டாம் கேள்விக்கு: சத்தமில்லாமல் மூட்டலாம். மூன்றாம் கேள்வி, பால் தொடர்பானது, சுற்றாடல் பிரிவின் கருத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. இந்த அனுமதி நான்காம் இலக்கத் தளத்துக்கும், நீங்கள் கோரிய நாளுக்கும் மட்டுமே செல்லுபடியாகும்.

"எந்த நாள் போட்டிருக்கினம்?" என்று குசினியிலிருந்து மனைவி கேட்டாள்.

"நாங்கள் கேட்ட நாள்தான். வாக்கியப்படி."

அவள் கை துடைத்துக்கொண்டு வந்து, கடிதத்தை வாங்கி, நகரசபையின் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். "அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கு," என்றாள். "இதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்புங்கோ."

அன்று மார்ச் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை.